மறுமுனையில் எத்தனை பேர்?

ஒரு மதுக்கடைக்காரர் போன் செய்கிறார். மது விற்கும் நிறுவனத்தின் கால் சென்டரில் ஒருவர் எடுக்கிறார். எந்தச் சரக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, எடுத்தவர் எதிரே உள்ள திரையில் தட்டிப் பதிந்துகொள்கிறார். இருப்பு எவ்வளவு, இன்றைக்கு என்ன விலை, வண்டி எப்போது வரும் என்பதைத் திரையைப் பார்த்து வாசித்துச் சொல்கிறார். பேச்சு முடிகிறது. இதில் அந்த நிறுவனத்தின் கணினி அமைப்பைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர்? போனை எடுத்த ஒருவர்தான். கடைக்காரர் எந்தக் கணினியையும் தொடவில்லை.

கொஞ்ச காலம் போகிறது. அதே கடைக்காரருக்கு ஓர் இணைய முகவரியும் கடவுச்சொல்லும் தரப்படுகின்றன. இனி அவரே உள்ளே போகிறார். அதே சரக்கைத் தேர்ந்தெடுக்கிறார், அதே விலையைப் பார்க்கிறார், அதே வண்டிக்குக் காத்திருக்கிறார். இடையில் இருந்தவர் மட்டும் இல்லை. இப்போது பயன்படுத்துபவர் யார்?

இந்தக் கேள்விக்கான விடையை நம்பி 5 கோடியே 45 லட்சம் பவுண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜானி வாக்கர், கின்னஸ், ஸ்மிர்னாஃப் முதலியவற்றை விற்கும் டியாஜியோ ஒரு பக்கம். பெரிய நிறுவனங்களின் கணக்கு, கிடங்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் கட்டி ஆளும் மென்பொருளைத் தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனமான எஸ்ஏபி மறுபக்கம். 2004இல் இருவரும் உரிம ஒப்பந்தம் போட்டார்கள். அதன் அடிப்படை அலகு 'நேம்டு யூசர்', அதாவது பெயர் குறித்த பயனர். மென்பொருளை அணுகும் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் உரிமம். 2011, 2012 வாக்கில் டியாஜியோ இரண்டு புதிய அமைப்புகளைக் கொண்டுவந்தது. ஒன்று, கடை கடையாகச் செல்லும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு, பெயர் ஜென்2. மற்றொன்று, வாடிக்கையாளர்களே ஆர்டர் போடுவதற்கு, பெயர் கனெக்ட். இரண்டும் எஸ்ஏபியின் மேல் கட்டப்பட்டவை அல்ல. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தளத்தில் ஓடின. ஆனால் ஆர்டர் கடைசியில் எஸ்ஏபி அமைப்புக்குள்தான் போய்ச் சேர வேண்டும். நடுவே செய்திகளைக் கடத்த எஸ்ஏபியே விற்ற ஓர் இணைப்பு மென்பொருள் இருந்தது.

ஆர்டர் போடும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் எங்கள் பயனர்தான், உரிமக் கட்டணம் கொடுங்கள் என்றது எஸ்ஏபி. அதுவரை டியாஜியோ கட்டியிருந்த உரிம, பராமரிப்புத் தொகை முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 5 முதல் 6 கோடி பவுண்டு. கேட்கப்பட்ட புதுத் தொகையும் கிட்டத்தட்ட அதே அளவு.

டியாஜியோவின் வாதம் எனக்கு இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது. இணைப்பு மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோம், அதுதான் வாசல், வாசலுக்குக் கட்டணம் கட்டிய பிறகு அதன் வழியே வருகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு சீட்டு எதற்கு என்றது அது. லண்டன் நீதிமன்றத்தில் நீதிபதி ஃபினோலா ஓ'ஃபாரெல் 2017 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகுகிறவர் என்ற சொற்கள் இருக்கின்றன. இணையம் வழியாக அணுகுவதும் வேறொருவரின் கருவி வழியாக அணுகுவதும் எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. வாசலுக்கான கட்டணம் செய்தியைக் கடத்துவதற்கு மட்டும். அது மனிதருக்கான உரிமத்தை ஈடுகட்டாது. ஆக, ஆர்டர் போடும் கடைக்காரரும் பயனரே. தொகை எவ்வளவு என்பதை மட்டும் பின்னொரு விசாரணைக்கு ஒத்திவைத்தார். அந்த விசாரணை நடக்கவில்லை; இரு தரப்பும் தமக்குள் முடித்துக்கொண்டன.

தீர்ப்பு ஒப்பந்தத்தின் சொற்களுக்கு உண்மையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சொற்கள் காண்கிற உலகமும் கணினி காண்கிற உலகமும் வேறு வேறு. இந்த விலகல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சர்வரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

சர்வர் என்ற சொல் தமிழில் முதலில் ஓட்டலில்தான் புழங்கியது. அந்த ஓட்டலுக்கே போவோம். கூடத்தில் நூறு பேர் சாப்பிடுகிறார்கள். உள்ளே அடுப்படியில் மாஸ்டர் தோசை ஊற்றுகிறார். நூறு பேரில் ஒருவரையும் அவர் பார்ப்பதில்லை. நான்கு பேர் மாறி மாறி வந்து இரண்டு ரவா, ஒரு நெய் ரோஸ்ட் என்று குரல் கொடுக்கிறார்கள், தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று மாஸ்டரைக் கேட்டால் எத்தனை தோசை ஊற்றினேன் என்று சொல்வார், வந்து நின்ற நான்கு பேரின் பெயரைச் சொல்வார். தலைக்கணக்கு அவரிடம் கிடையாது.

இணையத்தில் ஓடும் வணிக அமைப்புகள் இந்த அமைப்பில்தான் கட்டப்படுகின்றன. பயனரின் உலாவி கூடம். அவர் கேட்பதை வாங்கிக்கொள்ளும் வலைச் செயலி நடமாடும் ஆட்கள். தரவுத்தளம் அடுப்படி. தரவுத்தளத்துடன் ஒரு புதுத் தொடர்பைத் திறப்பது செலவு பிடிக்கிற வேலை: கைகுலுக்கல், அடையாளச் சோதனை, நினைவக ஒதுக்கீடு என்று பல படிகள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதைச் செய்தால் அமைப்பு திணறிவிடும். அதனால் வலைச் செயலி காலையிலேயே இருபது தொடர்புகளைத் திறந்து தயாராக வைத்துக்கொள்கிறது. இதைக் கனெக்‌ஷன் பூல் என்பார்கள். யாராவது கேட்டால் சும்மா இருக்கும் ஒரு தொடர்பை எடுத்து, வேலையை முடித்து, சில மில்லிநொடிகளில் திருப்பி வைத்துவிடும். இருபது தொடர்பில் ஆயிரம் பேரின் வேலை நடந்துவிடும். அந்த இருபதும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் உள்ளே போகின்றன. தரவுத்தளத்தின் பதிவேட்டைப் பார்த்தால் பயனர் ஒருவர்.

இணையத்தின் அடித்தளமே மறதியின் மேல் கட்டப்பட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிடிபி நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையும் முதன்முறை வருவதுபோலத்தான் வரும். சற்று முன் வந்தவர்தான் இவர் என்று நெறிமுறைக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி 'குக்கி'யைக் கொண்டுவந்தது இந்த மறதிக்கு ஒரு மருந்தாகத்தான். குக்கியும் உலாவியைத்தான் நினைவில் வைக்கும். அதன் முன் உட்கார்ந்திருப்பது அப்பாவா மகனா என்று அதற்குத் தெரியாது.

இதற்கு முந்தைய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பெருங்கணினிக் காலத்தில் ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு கம்பி; கம்பியை எண்ணினால் போதும். அதன் பிறகு வந்த கிளையன்ட்-சர்வர் காலத்தில் ஒவ்வொரு மேசைக் கணினியிலும் ஒரு நிரலை நிறுவ வேண்டியிருந்தது. நிறுவியவற்றை எண்ணினால் போதும். உலாவி வந்ததும் எண்ணுவதற்குக் கையில் சிக்கிய பொருள் மறைந்துவிட்டது. உலாவி எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. முகவரியைத் தட்டுகிறவர் யாரும் வரலாம்.

இதனோடு மோதிப் பார்த்தவற்றில் ஒன்று மைக்ரோசாஃப்ட். 1996 கோடையில் விண்டோஸ் என்டி 4.0 வரவிருந்தது. அதில் இரண்டு வகை: விலை குறைந்த வொர்க்ஸ்டேஷன், பல மடங்கு விலை கூடிய சர்வர். வொர்க்ஸ்டேஷனை வாங்கி அதில் வலைச் சர்வர் மென்பொருளை ஓட்டி இணையத்தளம் நடத்துகிறவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். முன்னோட்டப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் ஒரு தடை வைத்தது: பத்து நிமிடத்துக்குள் பத்து வெவ்வேறு ஐபி முகவரிகளுக்கு மேல் தொடர்புகொள்ள வந்தால் வொர்க்ஸ்டேஷன் ஏற்காது. வொர்க்ஸ்டேஷனில் ஓடும் வலைச் சர்வரைத் தயாரித்து விற்றுவந்த டிம் ஓ'ரெய்லி இதை வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்ததும் மைக்ரோசாஃப்ட் நிரலில் இருந்த தடையை எடுத்துவிட்டது. ஆனால் பத்து என்ற எண்ணை உரிமத்தின் வாசகத்தில் வைத்துக்கொண்டது.

இந்த நிகழ்வை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் போட்ட தடை காகிதத்துக்கு இடம் மாறிய தருணம் அது. ஐபி முகவரியை வைத்து ஆளை எண்ண முடியாது என்பது அன்றைக்கே தெரிந்த உண்மை. ஓர் அலுவலகம் முழுக்க ஒரே ப்ராக்ஸி வழியாக வெளியே வந்தால் இருநூறு பேருக்கு ஒரு முகவரி. வீட்டிலிருந்து டயல்-அப்பில் வருகிற ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புது முகவரி. தொழில்நுட்பத்தால் எண்ண முடியாததை எண்ணும் பொறுப்பு, வாங்குகிறவரின் நேர்மைக்கும் பின்னாளில் வரும் தணிக்கைக்கும் விடப்பட்டது. அதே ஆண்டு மார்க் ருசினோவிச், ஆண்ட்ரூ ஷுல்மன் ஆகியோர் இரண்டு வகைகளின் உட்கருவும் ஒன்றே என்றும், பதிவேட்டில் உள்ள ஓரிரு அமைப்புகளைப் பார்த்துத்தான் அது தன்னை வொர்க்ஸ்டேஷன் என்றோ சர்வர் என்றோ தீர்மானித்துக்கொள்கிறது என்றும் காட்டினார்கள். நாம் வாங்குவது நிரலை மட்டும் அன்று, அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை என்பது இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது.

அந்த அனுமதிக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். துறையில் 'கேல்' என்று சுருக்கிச் சொல்வார்கள். இதில் நிறுவ எதுவும் இல்லை. சர்வருக்கு ஒரு விலை கொடுத்த பிறகு, அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் தனியே வாங்கவேண்டிய உரிமை இது. ஆளுக்கு வாங்கலாம், கருவிக்கும் வாங்கலாம். மூன்று ஷிஃப்டில் மூன்று பேர் ஒரே கணினியில் உட்காரும் இடத்தில் கருவிக்கு வாங்கினால் ஒன்று போதும். ஒருவரே அலுவலகக் கணினி, மடிக்கணினி, கைபேசி என்று மூன்றில் வருகிற இடத்தில் ஆளுக்கு வாங்கினால் ஒன்று போதும். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மட்டும் தனியாக ஒரு லைசென்ஸ் சர்வர் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். சாதாரண அணுகலை விண்டோஸ் சர்வர் எண்ணித் தடுப்பதில்லை. அதனால்தான் பலர் இதைக் கவனிக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

உலாவியில் பார்ப்பதற்கு உரிமம் வேண்டாம் என்று நம்புகிற நிர்வாகிகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். தவறு. நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் உள்ள அஞ்சலை ஊழியர் அவுட்லுக்கில் படித்தாலும் உலாவியில் படித்தாலும் கேல் வேண்டும். எந்தக் கதவு வழியாக வந்தார் என்பது கணக்கில் இல்லை. விதிவிலக்கு உலகத்துக்கே திறந்துவைத்த பொது இணையப் பக்கங்களுக்குத்தான். பெயர் தெரியாமல் வந்து படித்துவிட்டுப் போகிறவருக்கு உரிமம் கேட்பது நடக்காத காரியம் என்பதால் விண்டோஸ் சர்வரில் அதை விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 2000 காலத்தில், நிறுவனத்துக்கு வெளியே இருந்து இணையம் வழியாக அடையாளம் காட்டி உள்ளே வருகிறவர்களுக்காக 'இன்டர்நெட் கனெக்டர்' என்று ஓர் உரிமம் விற்றார்கள். ஒரு சர்வருக்கு ஒரு தொகை, தலையை எண்ண வேண்டாம். அடுத்த பதிப்பில் அது 'எக்ஸ்டர்னல் கனெக்டர்' ஆனது. ஷேர்பாயின்ட் 2013 வந்தபோது வெளியாட்களுக்கான கட்டணத்தையே எடுத்துவிட்டு, சர்வர் உரிமத்துக்குள் அதை அடக்கிவிட்டார்கள். வெளியாளைத் தலையெண்ணுவது சரிப்படாது என்பதை அவர்களும் படிப்படியாக ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் இதைப் படிக்கிறேன்.

நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் விதி இறுக்கமானது. அந்த இறுக்கத்தின் பெயர் மல்டிபிளெக்சிங். இருபது தொடர்பில் ஆயிரம் பேரை அனுப்புகிறோமே, அதுதான். இடையில் என்ன கருவி, என்ன செயலி, எத்தனை அடுக்கு வைத்தாலும் உரிமங்களின் எண்ணிக்கை குறையாது. கடைக்கோடியில் இருக்கும் ஆட்களைத்தான் எண்ண வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். தரவுத்தள மென்பொருள் விற்கும் ஆரக்கிளின் விதியும் இதுதான்: நடுவில் வலைச் சர்வர் இருந்தால் அதன் முன்புறத்தில் நின்று எண்ணு. ஆரக்கிள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் இயக்காத கருவிகளையும் எண்ணச் சொல்கிறது. குளிர்கிடங்கில் தொங்கிக்கொண்டு தானாக அளவை அனுப்பும் ஒரு வெப்பமானியும் அந்தக் கணக்கில் ஒரு தலை.

மல்டிபிளெக்சிங் விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமம் உள்ள ஒருவர் சர்வரில் இருந்து ஓர் அறிக்கையை எடுத்து, தன் கையால் அதை இன்னொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுகிறவருக்கு கேல் வேண்டாம். அதே அறிக்கையை ஒரு நிரல் தானாக எடுத்து அனுப்பும்படி அமைத்தால் பெறுகிறவர்களுக்கும் வேண்டும். செய்தி ஒன்றே, பெறுகிறவரும் ஒருவரே. நடுவில் ஒரு மனிதக் கை இருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. இயந்திரம் இருந்தால் அறுவதில்லை.

டியாஜியோவின் கால் சென்டருக்கு இப்போது திரும்பிப் பாருங்கள். போனை எடுத்து ஆர்டர் பதிந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை வாடிக்கையாளர்களையும் எஸ்ஏபியின் கண்ணுக்கு மறைத்து நின்ற சுவர். அவர்கள் இருந்தவரை உரிமக் கணக்கு அவர்களோடு முடிந்தது. செலவைக் குறைக்கவும் வாடிக்கையாளருக்கு வசதி செய்யவும் சுவரை எடுத்தார்கள்; பின்னால் நின்ற அனைவரும் ஒரே நாளில் எண்ணத்தக்கவர்களாகிவிட்டார்கள். மென்பொருள் செய்த வேலையில் ஓர் ஆர்டர்கூடக் கூடவில்லை. கூடியது எண்ணிக்கை மட்டும். இது எனக்கு உறுத்துகிறது. ஒரு சமுதாயம் தன் கணினிகளை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு அடிக்கும் அபராதம் விதிப்பதுபோல் இருக்கிறது.

தலையை எண்ணுவதை விட்டு, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களை எண்ணினால் என்ன? இந்த யோசனை பழையது, அதன் கணிதம் இன்னும் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், ஊரில் இத்தனை ஆயிரம் தொலைபேசி இருந்தால் எத்தனை தடங்கள் வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1909இல் தன் முதல் ஆய்வை வெளியிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்பதே அதன் அடிப்படை. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய ஓர் எளிய விதி இதற்கு உதவும்: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் தங்குகிறார்கள் என்பதையும் பெருக்கினால் வருவது.

ஆயிரம் ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளுக்கு ஆறு முறை, முறைக்குப் பத்து நிமிடம் அமைப்பைப் பார்க்கிறார்கள். எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடத்தில் 6,000 வருகைகள். நிமிடத்துக்கு 12.5. பத்தால் பெருக்கினால் 125. ஆயிரம் உரிமம் வாங்கவேண்டிய இடத்தில் 125ம், காலை நெரிசலுக்காக இன்னும் கொஞ்சமும் போதும்.

இந்தக் கணக்கை இணையம் குழப்பிவிட்டது. மேசையில் நிறுவிய நிரலை மூடினால் ஆள் போய்விட்டார் என்று சர்வருக்குத் தெரியும். உலாவியில் யாரும் 'வெளியேறு' பொத்தானை அழுத்துவதில்லை. அப்படியே சன்னலை மூடிவிட்டு எழுந்து போகிறார்கள். ஆள் இருக்கிறாரா போனாரா என்று தெரியாத சர்வர், முப்பது நிமிடம் காத்திருந்துவிட்டு முடித்துவைக்கும் என்று கொள்வோம். இப்போது ஒவ்வொருவரும் தங்கும் நேரம் பத்து அன்று, நாற்பது. 12.5ஐ நாற்பதால் பெருக்குங்கள்: 500. அதே ஆட்கள், அதே வேலை. ஒரு நிர்வாகி என்றோ குறித்த காத்திருப்பு நேரம் உரிமங்களின் தேவையை நான்கு மடங்காக்கிவிட்டது. இப்படி ஒரே நேரத்தில் இருப்பவர்களை எண்ணும் கன்கரன்ட் உரிமம் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் முதலில் பார்க்கவேண்டிய இடம் இந்த ஒற்றை எண்தான். பலர் பார்ப்பதில்லை.

ஆளையும் எண்ண முடியாது, நேரத்தையும் நம்ப முடியாது என்றால் மிஞ்சுவது இயந்திரம். ஆரக்கிள் ஒருகட்டத்தில் செயலியின், அதாவது கணினியின் பிராசசரின், மெகாஹெர்ட்சை வைத்தே விலை போட்டுப் பார்த்து, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததும் 2001இல் கைவிட்டது. அதன் பிறகு செயலி எண்ணிக்கை, பிறகு செயலிக்குள் இருக்கும் கோர்களின் எண்ணிக்கை என்று போனது. மைக்ரோசாஃப்டும் தன் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்பில் இருந்து கோர்களை எண்ணத் தொடங்கியது. ஒரு செயலிக்குக் குறைந்தது நான்கு. ஆரக்கிளின் எண்டர்பிரைஸ் பதிப்புக்குப் பட்டியல் விலை பல ஆண்டுகளாக ஒரு செயலி உரிமத்துக்கு 47,500 டாலர், ஒரு பெயர் குறித்த பயனருக்கு 950 டாலர். வகுத்துப் பார்த்தால் சரியாக ஐம்பது. ஒரு செயலி உரிமத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் வருவார்கள் என்றால் ஆளை எண்ணாதே, சிலிக்கானை எண்ணு என்று அந்த விலைப்பட்டியலே சொல்லிவிடுகிறது. உலகத்துக்குத் திறந்த இணையத்தளத்துக்கு இதுவே நிம்மதியான வழி.

ஆனால் எஸ்ஏபி போன்ற வணிக அமைப்புகளில் மதிப்பு சிலிக்கானில் இல்லை. சிறிய சர்வரில் பெரிய வணிகம் ஓடும். அதனால் அங்கே வேறு அலகு தேவைப்பட்டது. டியாஜியோ தீர்ப்பு வந்த சில வாரங்களிலேயே, பட்வைசரைத் தயாரிக்கும் ஏபி இன்பெவ், எஸ்ஏபி தன்னிடமும் 60 கோடி டாலர் வரை கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பதைத் தன் ஆண்டறிக்கையில் வெளியிட்டது. உலகெங்கும் எஸ்ஏபி வைத்திருந்தவர்கள் தங்கள் இணையப் பக்கங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். 2017 மே மாதம் எஸ்ஏபியின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பில் மெக்டெர்மாட், வெறுமனே படித்துவிட்டுப் போகும் மறைமுக அணுகலுக்குக் கட்டணம் இல்லை என்ற வகையில் விதியைத் தளர்த்துவதாக அறிவித்தார். 2018 ஏப்ரலில் முழு மாற்று வந்தது. வெளியிலிருந்து வருகிறவர் யார் என்றே பார்க்கமாட்டோம். அவர் வருகையால் அமைப்புக்குள் என்ன ஆவணம் உருவாகிறது என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள்.

ஒன்பது வகை ஆவணங்களைப் பட்டியல் போட்டார்கள்: விற்பனை, விலைப்பட்டி, கொள்முதல், பழுது-பராமரிப்பு, உற்பத்தி, தரச் சோதனை, வேலை நேரம், நிதி, சரக்கு. நிதி, சரக்கு ஆகிய இரண்டும் மற்றவற்றின் நிழலாகத் தானே உருவாகிறவை. எனவே ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்காகத்தான் எண்ணப்படும். முதன்முறை உருவாக்குவது மட்டுமே கணக்கு. பிறகு எத்தனை பேர் எத்தனை முறை திறந்து பார்த்தாலும், திருத்தினாலும் எண்ணிக்கை ஏறாது. விற்பனை போன்ற வகைகளில் ஆவணத்தின் ஒவ்வொரு வரியும் தனி எண்ணிக்கை என்பதால் பத்துச் சரக்கு உள்ள ஓர் ஆர்டர் பத்தாகிவிடும். இதைத் தவறவிட்டுக் கணக்குப் போட்டால் பட்ஜெட் கவிழும்.

மாஸ்டரிடம் தலைக்கணக்கு கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை தோசை ஊற்றினீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த கேள்வி அதுதான். கணினி உண்மையிலேயே பார்க்கக்கூடியதை எண்ணுவதால், வாங்கினவருக்கும் விற்றவருக்கும் ஒரே எண் கிடைக்கிறது. சண்டைக்கு இடம் குறைகிறது. ஆர்டர் போட்டது கடைக்காரரா, வெப்பமானியா, இப்போது பலர் கொண்டுவரும் செயற்கை நுண்ணறிவு முகவரா என்ற கேள்வியும் எழுவதில்லை. ஆள் எண்ணிக்கையில் நிற்கும் ஒப்பந்தங்களில் அந்த முகவர் ஒரு பயனரா, அது யாருக்காக வேலை செய்கிறதோ அவர்கள் எல்லோரும் பயனர்களா என்ற வழக்கு இனிமேல்தான் வரப்போகிறது. பழைய ஒப்பந்தத்தையே வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்கு 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்ற இரண்டு சொற்கள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. வாகன உதிரிபாகம் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். டீலர்கள் போனில் ஆர்டர் சொல்வார்கள். பதினான்கு ஆண்டாக அந்த போனை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா இருந்தார். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து டீலர்களே ஆர்டர் போட ஓர் இணையப் பக்கம் கட்டினோம். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்காவைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு சரக்கு மென்பொருளை விற்ற நிறுவனத்திலிருந்து தணிக்கைக் கடிதம் வந்தது: உங்கள் இணையப் பக்கத்தின் வழியாக எங்கள் அமைப்பை அணுகும் தனிநபர்கள் எத்தனை பேர்? பதினைந்து நாளில் எண்ணிக்கை வேண்டும்.

தரவுத்தளத்தின் பதிவேட்டில் ஒரே பெயர்தான் இருந்தது, நாங்கள் வைத்த பெயர். இணையப் பக்கத்தில் 186 கணக்குகள். ஒப்பந்தம் கேட்டதோ கணக்குகளை அன்று, ஆட்களை. ஐபி முகவரியைப் பிரித்துப் பார்த்தோம், குக்கிகளை அலசினோம், ஆர்டர் நேரங்களை அடுக்கிப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் 186 பெயரையும் அச்செடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போனேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார். "தம்பி, இந்த ரெண்டு கடையும் ஒரே ஆள்தான். ஜிஎஸ்டிக்காகப் பிரிச்சு வச்சிருக்காரு." ஒரு கோடு. "இது அப்பா பேரு. அவரு படுத்த படுக்கையா இருக்காரு, போடுறது பொண்ணு." ஒரு டிக். "இந்தக் கடையில நாலு பசங்க. ஆளாளுக்குப் போடுவானுங்க. போன்ல வரும்போது குரலை வச்சே சொல்லிடுவேன் யாருன்னு." பக்கத்தில் நான்கு என்று எழுதினார். "இவங்க மூடிட்டாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு பெயரிலும் நின்று யோசித்துத்தான் எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப் போட்டு, கடைசித் தாளின் அடியில் 231 என்று எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார். அந்த எண்ணைத்தான் அனுப்பினோம்.